ஏசிஎல்எஸ் தேர்வு: 50 கேள்வி, 84 சதவீதம், ஒரு தலகாணி

என் அக்கா மகள் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். போன மாசம் மதுரையில் ஏசிஎல்எஸ் கோர்ஸுக்குப் போக வேண்டியிருந்தது. "மாமா, நீங்க கேள்வி கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்று கையேட்டை என்னிடம் கொடுத்தாள். ஒரு மணி நேரம் கேட்கலாம் என்று உட்கார்ந்தவன், மூணு வாரம் அதிலேயே கிடந்தேன். நான் டாக்டர் இல்லை. பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனால் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பது என் தொழிலும்தான்.

முதலில் பெயர். ஏசிஎல்எஸ் என்றால் இதயம் நின்றுபோனவருக்கும், நிற்கப்போகிற நிலையில் இருப்பவருக்கும் டாக்டர்களும் நர்ஸ்களும் செய்யும் மேல்நிலை உயிர்காப்பு. நெஞ்சை அமுக்கும் சிபிஆர் அடிப்படை. அதன் மேல் ஈசிஜி படிப்பது, ஷாக் கொடுப்பது, மருந்து, மூச்சுக்குழாய், ஒரு குழுவை நடத்துவது எல்லாம் சேரும். அமெரிக்க இதய சங்கம் 1970-களில் தொடங்கிய பயிற்சி இது. இன்று இந்தியாவிலும் அவர்களுடைய சான்றிதழைத்தான் பல மருத்துவமனைகள் கேட்கின்றன.

தேர்வு எப்படி இருக்கும்?

மூணு கட்டம். கோர்ஸுக்கு முன்னால் ஆன்லைனில் ஒரு சுயசோதனை, அதில் 70 சதவீதம் வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு: 50 கேள்விகள், 84 சதவீதம், அதாவது 42 சரியாக இருக்க வேண்டும். கையேட்டைப் பார்த்தே எழுதலாம், பக்கத்து ஆளிடம் கேட்கக் கூடாது. மூன்றாவது 'மெகாகோட்'. ஒரு பொம்மை நோயாளி, ஒரு குழு, நீங்கள் தலைவர். மானிட்டரில் துடிப்பு மாறிக்கொண்டே இருக்கும், அதற்கேற்ப நீங்கள் உத்தரவு போட வேண்டும். சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும்.

கேள்விகள் எந்த மாதிரி என்று காட்ட, நானே எழுதிய மூன்று:

1. நோயாளிக்கு நினைவில்லை, மூச்சில்லை, நாடியும் இல்லை. மானிட்டரில் நேர்கோடு. ஷாக் கொடுக்கலாமா?

சினிமா பார்த்து வளர்ந்த நாம் எல்லாரும் "கொடு" என்போம். தப்பு. ஷாக் என்பது நின்ற இதயத்தைக் கிளப்பிவிடும் சாவி இல்லை. இதயத் தசைகள் ஆளுக்கொரு பக்கம் தாறுமாறாகத் துடிக்கும்போது, எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்தி, இதயத்தின் சொந்தத் துடிப்பு திரும்பி வர வழிவிடுவதுதான் ஷாக்கின் வேலை. ஒருவகை ரீசெட். நேர்கோட்டில் நிறுத்துவதற்கு எதுவுமே இல்லை. அங்கே சிபிஆர், கூடிய சீக்கிரம் 1 மி.கி. அட்ரினலின், பிறகு 3 முதல் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை மறுபடியும்.

2. மானிட்டரில் துடிப்பு ஒழுங்காக ஓடுகிறது. கழுத்தில் நாடி இல்லை. என்ன செய்வீர்கள்?

இது என்னைக் கவிழ்த்த கேள்வி. மின்சாரம் ஓடுகிறது, பம்ப் ஓடவில்லை. திரையை நம்பினால் ஆள் போய்விடுவார். சிபிஆர் செய்துகொண்டே காரணத்தைத் தேட வேண்டும்: ரத்த இழப்பா, ஆக்சிஜன் குறைவா, பொட்டாசியம் ஏறிவிட்டதா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துவிட்டதா, விஷமா என்று ஒரு பட்டியலே மனப்பாடமாக இருக்க வேண்டும்.

3. ஷாக் கொடுத்தாகிவிட்டது. அடுத்த நொடி என்ன?

கை தானாக மானிட்டரைப் பார்க்கப் போகும். கூடாது. உடனே மறுபடி நெஞ்சை அமுக்க வேண்டும். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் மானிட்டர். துடிப்பு திரும்பினாலும் அந்த இதயத்துக்கு முதலில் பலம் இருக்காது.

சரியான விடையும் மாறும்

2010 வரை நேர்கோட்டுக்கு அட்ரோபின் என்ற மருந்தும் விடைப் பட்டியலில் இருந்தது. பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று அந்த வருஷ வழிகாட்டியில் எடுத்துவிட்டார்கள். அதே வருஷம்தான் 'முதலில் மூச்சுப்பாதை' என்ற வரிசையும் 'முதலில் நெஞ்சழுத்தம்' என்று மாறியது. 2015-இல் வாசோபிரெஸ்ஸின் போனது. ஆக 2009-இல் நூற்றுக்கு நூறு எடுத்தவர் 2011-இல் அதே விடைகளை எழுதினால் மார்க் குறையும். சான்றிதழுக்குக் காலாவதி வைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

84 என்ன சொல்கிறது?

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. நூறு சோதனையில் 84 பாஸ் என்பது முக்கியமில்லை, ஃபெயிலான 16 எவை என்பதுதான் முக்கியம். பணம் கழிக்கும் பகுதி ஃபெயில் என்றால் மற்ற 84-ஆல் பயனில்லை. எழுத்துத் தேர்வு இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க். மெகாகோட் அப்படியில்லை. பட்டியலில் உள்ள முக்கியமான படிகளில் ஒன்றை விட்டாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

சரி, எழுத்தில் நல்ல மார்க் வாங்குகிறவர் கையிலும் நன்றாகச் செய்வாரா? 2010-இல் 'ரிசஸிடேஷன்' இதழில் வந்த ஓர் ஆய்வு, ஏசிஎல்எஸ் படித்த நர்சிங் மாணவர்களிடம் இதையே கேட்டது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து செய்முறைத் திறனைக் கணிக்க முடியவில்லை என்பதுதான் முடிவு.

இன்னொன்று சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து, 2005-இல் வெளியானது. 67 நோயாளிகளுக்குச் செய்த சிபிஆரைக் கருவி வைத்து அளந்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற மருத்துவமனை ஊழியர்கள். அப்படியும் அளந்த நேரத்தில் 28 சதவீதத்தில் வேகம் நிமிஷத்துக்கு 90-க்குக் கீழே. 37 சதவீதத்தில் ஆழம் போதவில்லை.

ஏன்? சோதித்துப் பார்த்தேன். அக்கா மகள் நான் கேட்ட 50-இல் 47 சரியாகச் சொன்னாள். "சரி, இந்தத் தலகாணியை ரெண்டு நிமிஷம் அமுக்கு" என்று தரையில் போட்டேன். நிமிஷத்துக்கு 100 முதல் 120, குறைந்தது 5 செ.மீ. ஆழம், இதுதான் கணக்கு. ஆழத்தை அளக்க வழியில்லை, எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். முதல் நிமிஷம் 112. இரண்டாவது நிமிஷம் 94. "கை ஓஞ்சு போச்சு மாமா. ஆனா குறைஞ்சதே எனக்குத் தெரியல" என்றாள். அவள் சொன்ன அந்த இரண்டாவது வரிதான் விஷயம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த விதி அவளுக்கும் தெரியும், அந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னாள்.

கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது என்று அமெரிக்க இதய சங்கமே ஒத்துக்கொள்கிறது. அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொஞ்ச நேரம் பொம்மையில் பயிற்சி செய்யும் முறையையும் கொண்டுவந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் முழுக்கப் படிப்பதைவிட அது மேல் என்று எனக்குப் படுகிறது. தேர்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. விடை தெரியாதவர் நேர்கோட்டுக்கு ஷாக் கொடுத்து நேரத்தை வீணடிப்பார். விடை மட்டும் தெரிந்தவர் கை ஓய்ந்தது தெரியாமல் அமுக்கிக்கொண்டிருப்பார். அறிவு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

நமக்கு என்ன?

இதை ஏன் இவ்வளவு தூரம் தோண்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு கல்யாண வீட்டு வளவில், பந்திக்கு நடந்துபோன என் அப்பா அப்படியே சரிந்தார். சுற்றி இருநூறு பேர். தண்ணீர் தெளித்தார்கள், உள்ளங்காலைத் தேய்த்தார்கள், சோடா வாங்க ஓடினார்கள், கார் எடுக்க ஓடினார்கள். யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. நானும்தான்.

சிபிஆர் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எங்கள் ஊரிலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் பத்தே நிமிஷத்தில் வந்தாலும் அந்தப் பத்து நிமிஷம் பக்கத்தில் நிற்பவர் கையில்தான். ஏசிஎல்எஸ் தெரிந்த குழு எவ்வளவு திறமையாக இருந்தாலும், அவர்களிடம் போய்ச் சேரும்போது மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இதற்காகவே இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கத்தின் முயற்சியில் 2017-இல் நம் நாட்டுக்கென்று வழிகாட்டிகள் வந்தன. அதில் பொதுமக்களுக்கான 'கோல்ஸ்' முறையில் வாயோடு வாய் வைத்து ஊதுவது கிடையாது. நெஞ்சழுத்தம் மட்டும். ஆள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார் என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, வேகமாக, ஆழமாக அமுக்குங்கள். இரண்டு நிமிஷத்தில் ஆள் மாறுங்கள். எங்காவது பயிற்சி நடந்தால் போய் பொம்மையில் ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

அக்கா மகள் 48 எடுத்து பாஸ் ஆகிவிட்டாள். தலகாணி இன்னும் ஹாலிலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு நிமிஷம். அம்மாவும் செய்கிறாள். எழுபத்தொரு வயசு, முக்கால் நிமிஷத்துக்கு மேல் முடியவில்லை. "பரவால்ல, அதுக்குள்ள அடுத்த ஆள் வந்துருவாங்கள்ல" என்கிறாள்.