கடிகார மேசையும் ஒரு பழைய கணக்கும்

விலைவாசி, வரி, எடைக்கல் முத்திரை என்று இந்தப் பக்கங்களில் நாம் பலவும் பேசியிருக்கிறோம். இம்முறை ஒரு பழைய மர மேசையைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கும் கடிகாரம் பழுது பார்க்கும் மேசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நம் கடை ஏட்டில் எழுத விட்டுப்போன ஒரு வரவு அதில் இருந்தது.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நம் மொத்தக் கடை. சென்ற ஆண்டு கடை மாடியைக் காலி செய்தபோது, பழைய சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் அந்த மேசை அகப்பட்டது. 1968 முதல் 2003 வரை நம் கடைத் திண்ணையில் கடிகாரம் பழுது பார்த்த பாய் ஒருவருடையது. திண்ணையை விட்டுப் போன அன்று, "வீட்டில் இதை வைக்க இடமில்லை அண்ணாச்சி, மாடியில் இருக்கட்டும்" என்று சொல்லிப் போனார். 2015-இல் காலமாகிவிட்டார். மேசையை நாம் மறந்தே போனோம்.

அந்த வாரமே பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். கை நீட்டி முன்பணம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. இழுப்பறைகளைக் காலி செய்து தருகிறோம் என்று ஒருநாள் தவணை கேட்டோம். அந்த ஒருநாள்தான் நம்மைக் காப்பாற்றியது.

இழுப்பறையில் இருந்தது

மேசையில் சிறிதும் பெரிதுமாக ஒன்பது இழுப்பறைகள். ஒன்றில் சாமணங்களும் ஊசிமுனைத் திருப்புளிகளும், இன்னொன்றில் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி. மூன்றாவதில் காகிதப் பொட்டலங்களாக ஏழு கைக்கடிகாரங்கள். ஒவ்வொன்றின் மேலும் பெயர், தேதி, வாங்கிய முன்பணம். பழுது பார்த்து முடித்தும் உரியவர் வந்து வாங்காதவை அவை.

அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். வந்த கடிகாரம், செய்த வேலை, வாங்கிய கூலி எல்லாம் வரிசையாக எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு வரி தவறாமல் இருந்தது: "கடை சுவர்க் கடிகாரம், சாவி. கூலி இல்லை."

நம் தகப்பனார் காலத்துப் பெண்டுலம் வைத்த சுவர்க் கடிகாரம் அது. ஒருமுறை முழுச் சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் வகை. வாரம் ஒருமுறை சாவி கொடுக்காவிட்டால் நின்றுவிடும். பாய் போன பிறகு அது நின்றது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று எண்ணி, பேட்டரிக் கடிகாரம் ஒன்றை மாட்டினோம். அதற்கு யார் சாவி கொடுத்து வந்தார் என்று கேட்க நமக்குத் தோன்றவே இல்லை.

இனி நம் பக்கத்துக் கணக்கைச் சொல்ல வேண்டும். 2003-இல் எண்ணெய் டின் அடுக்க இடம் போதவில்லை. பாயைப் போகச் சொல்ல வாய் வராமல், மாத வாடகையை அறுபதிலிருந்து முந்நூறாக உயர்த்தினோம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மாதக் கடைசியில் எழுந்து போனார். முப்பத்தைந்து ஆண்டுச் சாவிக்கூலியை அவர் எழுதியிருந்தார், கேட்டதில்லை. நாம் வாடகையை மட்டும் எழுதியிருந்தோம்.

மேசை அடைக்கலப் பொருள். அதை விற்க நமக்கு உரிமை இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. செப்பனிட்டு உரியவர் வீட்டுக்குச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

அந்தத் தொழிலும் அந்த மேசையும்

1961-இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டுறவோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கியது. 17 கல் வைத்த 'ஜனதா' சாவிக் கடிகாரம் கல்யாணச் சீராகவே வழங்கியது. இத்தகைய கடிகாரம் மணிக்கு 18,000 முறை துடிக்கும், நொடிக்கு ஐந்து. உள்ளே விட்ட எண்ணெய் சில ஆண்டுகளில் இறுகும். பிரித்துக் கழுவி, புது எண்ணெய் இட வேண்டும். பழுது பார்ப்பவருக்கு வேலை குறையாது.

1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் ஆலை அமைத்துக் குவார்ட்ஸ் கடிகாரங்களைப் பரப்பியது. அதன் உள்ளே படிகத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிரும். பேட்டரி மாற்றினால் போதும். பிறகு கைப்பேசியே மணி காட்டத் தொடங்கியது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. திண்ணைத் தொழில் தேய்ந்த கதை இதுதான்.

மேசையின் அமைப்பைப் பார்த்தால் செய்தவரின் அறிவு புரியும். எழுதும் மேசை இரண்டரை அடி உயரம் இருக்கும். இது மூன்றேகால் அடி. உட்கார்ந்தால் பலகை நெஞ்சளவுக்கு வரும். குனியாமலே கடிகாரம் கண்ணுக்கு அருகில் நிற்கும்; முன்கைகள் பலகையில் ஊன்றுவதால் விரல் நடுங்காது. திருகாணி உருண்டு விழாமல் மூன்று பக்கமும் வரம்பு. தவறி விழுந்தாலும் தாங்கிக்கொள்ள, மடிக்கு மேல் இழுத்து வைக்கும் தட்டு ஒன்று.

செப்பனிட்ட விதம்

நம்மில் பலர் கடையில் பழைய கல்லாப்பெட்டியோ கணக்கு மேசையோ இருக்கும். ஆகவே செய்த முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் தூசி. இடுக்குகளில் இருந்ததைக் கொட்டிவிடாமல், கடையின் ரவைச் சல்லடையில் சலித்தோம். கடுகைவிடச் சிறிய திருகாணிகள் நாற்பதுக்கு மேல் கிடைத்தன. ஒரு சிவப்புக் கல்கூட இருந்தது.

நாம் உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தோம். ஆசாரி அதைத் தொடவில்லை. "அழுக்கு வேற, தோல் வேற அண்ணாச்சி. தேய்த்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்" என்றார். சோப்பு நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர் துணியால் ஒற்றினார். பிறகு மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தார். மேற்பூச்சு இளகிப் பிசுபிசுத்தது. அது அரக்குப் பாலிஷ் என்பதற்கு அதுவே சான்று. மீண்டும் அரக்கே பூசினால் பழையதோடு கலந்துவிடும். எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை.

ஆடிய மூலைகளை ஆணி அடித்து இறுக்கக் கூடாது. பழைய மேசைகளில் பெரும்பாலும் வச்சிரப் பசைதான். வெந்நீரும் சூடும் பட்டால் இளகும். மூட்டைக் கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி வச்சிரமே இட்டுக் கட்டினார். ஒரு கால் அடியில் உளுத்திருந்தது. உளுத்த மட்டும் அறுத்துப் பழைய தேக்கில் துண்டு சேர்த்தார். காய வைத்தது நிழலில்தான். வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும்.

பித்தளைக் கைப்பிடிகளைத் தனியே கழற்றி நம் கடைப் புளியாலேயே தேய்த்தோம். இழுப்பறை ஓடும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அவலரக்கை ஊறவைத்துக் கரைத்து, துணிப்பந்தால் மெல்லிதாகப் பல முறை பூசினார். ஸ்பிரிட் சட்டெனத் தீப்பிடிக்கும். பூசும் இடத்தில் விளக்கோ பீடியோ கூடாது.

முன்விளிம்பில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. முப்பத்தைந்து ஆண்டு முன்கை ஊன்றித் தேய்ந்த இடம். "இழைத்துச் சமமாக்கவா?" என்று ஆசாரி கேட்டார். வேண்டாம் என்றோம்.

செலவு: ஆசாரி கூலி ஆறு நாளுக்கு 7,200, மரம் 900, அரக்கும் ஸ்பிரிட்டும் 1,150, சில்லறை 350. ஆக 9,600 ரூபாய்.

கணக்கு நேரானது

பாயின் மகன் கைப்பேசி பழுது பார்க்கிறார். தாழ்ந்த மேசையில் குனிந்து குனிந்து கழுத்து வலி. மேசையைப் பார்க்க அழைத்தோம். வந்தவர் பேசவில்லை. உட்கார்ந்து, அந்தப் பள்ளங்களில் தம் கைகளை வைத்துப் பார்த்தார்.

வாடகையை உயர்த்திய காரணத்தை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். "அத்தாவுக்குத் தெரியும் அண்ணாச்சி. டின் அடுக்க இடமில்லை என்று எங்களிடம் சொன்னார்கள்" என்றார். அதற்கு மேல் நமக்குப் பேச்சு வரவில்லை.

திண்ணையை வாடகையின்றித் தருவதாகச் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. கடைசியில் இப்படித் தீர்ந்தது: மாத வாடகை இருநூறு ரூபாய். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் கூலி ஐம்பது. இரண்டும் ஏட்டில் எழுதப்படும். ஏழு பொட்டலங்களில் மூன்றுக்கு உரிய குடும்பங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டோம். நான்கு இன்னும் அதே இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன.

வணிக நண்பர்களே, உங்கள் கடை வாசலிலும் ஒரு பூக்காரம்மா, ஒரு தையற்காரர், ஒரு குடை ரிப்பேர்காரர் இருக்கலாம். அவர்கள் தரும் வாடகை நம் ஏட்டில் இருக்கும். நாம் இல்லாத நேரம் கடையைப் பார்த்துக்கொண்டதும், வந்த சரக்கை இறக்கிவைத்ததும் இருக்காது. அவர்கள் இருக்கும்போதே அந்தப் பக்கத்தையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நமக்குத் தாமதமாகிவிட்டது.

சுவர்க் கடிகாரம் இப்போது ஓடுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் சாவி கொடுக்கிறார்கள்.