கிளேடியேட்டர் தொடர்கள்: திரையில் காண்பதில் எவ்வளவு உண்மை?

தொலைக்காட்சியில் ஒரு சரித்திரத் தொடர் முடிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: "இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?" பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பார்கள். பெரியவர்கள் மனத்துக்குள் கேட்டுக்கொள்வார்கள். பண்டைய ரோமாபுரியின் கிளேடியேட்டர்களைப் பற்றிய தொடர்களைப் பொறுத்தவரை, இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிட இயலாது. எதைச் சேர்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை புலப்படும்.

இலத்தீன் மொழியில் 'கிளேடியஸ்' என்றால் வாள். வாளேந்தி அரங்கில் மோதியவர்களே கிளேடியேட்டர்கள். இவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், போர்க்கைதிகள், தண்டனை பெற்றவர்கள். வறுமையாலோ புகழாசையாலோ தாமாக முன்வந்து ஒப்பந்தம் செய்துகொண்டவர்களும் உண்டு. ரோம் நகரில் நடந்ததாகப் பதிவாகியுள்ள முதல் மோதல் கி.மு. 264-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் ஈமச் சடங்கில் மூன்று இணைகள் மோதின. இறந்தவருக்குச் செய்யும் மரியாதையாகத் தொடங்கிய வழக்கம், பின்னர் அரசியல்வாதிகளும் பேரரசர்களும் மக்களைத் தம் பக்கம் இழுக்கும் கேளிக்கையாக வளர்ந்தது.

சில பக்கங்கள், 39 அங்கங்கள்

கிளேடியேட்டர் தொடர்களில் பரவலாகப் பேசப்பட்டது 'ஸ்பார்ட்டகஸ்'. 2010 முதல் 2013 வரை, 2011-இல் வந்த முன்கதையையும் சேர்த்து, 39 அங்கங்கள் ஒளியேறின. கி.மு. 73-இல் இத்தாலியின் காப்புவா நகரில் இருந்த பயிற்சிக்கூடத்திலிருந்து தப்பி, ரோமானியப் படைகளைத் திணறடித்து, கி.மு. 71-இல் போர்க்களத்தில் மடிந்த ஸ்பார்ட்டகஸின் கதை அது.

ஆனால், அந்த மனிதரைப் பற்றிப் பழைய நூல்களில் இன்று கிடைப்பது சில பக்கங்கள் மட்டுமே. புளூட்டார்க், அப்பியன் ஆகிய இருவரின் குறிப்புகளே அவற்றுள் முக்கியமானவை. இருவருமே கிளர்ச்சி அடங்கி 150 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர்கள். அதற்கு அண்மைய காலத்தில் வாழ்ந்த சல்லஸ்ட் எழுதிய வரலாறோ துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. கிளர்ச்சி செய்த அடிமைகளில் ஒருவர் எழுதிய வரிகூட நம்மிடம் இல்லை. ஆக, நமக்குத் தெரிந்த ஸ்பார்ட்டகஸ் அவரைத் தோற்கடித்த சமுதாயம் நினைவில் வைத்திருந்த ஸ்பார்ட்டகஸ்தான்.

சில பக்கங்களை 39 அங்கங்களாக விரிக்க வேண்டுமென்றால் கற்பனை இல்லாமல் முடியாது. அதைக் குறையாகச் சொல்வதில் பொருளில்லை. அந்தக் கற்பனை எந்த இடத்தில் நுழைகிறது என்பதே கவனிக்க வேண்டியது.

இட்டு நிரப்புவதும் மாற்றி எழுதுவதும்

வரலாறு மௌனமாக இருக்கும் இடத்தை நிரப்புவது ஒரு வகை. ஸ்பார்ட்டகஸுக்கு மனைவி இருந்ததாகவும், அவர் குறி சொல்லும் ஆற்றல் பெற்றவர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். ஆனால் பெயரைக் குறிப்பிடவில்லை. தொடர் அவருக்கு 'சூரா' என்று பெயர் சூட்டியது. கிரிக்சஸ், ஒயினோமாஸ், கன்னிகஸ் ஆகிய தலைவர்களின் பெயர்கள் பழைய நூல்களில் உள்ளன. அவர்களின் குணமும் நட்பும் பகையும் எழுத்தாளர்களின் படைப்பு. இவ்வகைக் கற்பனையால் வரலாற்றுக்குத் தீங்கில்லை.

கதையின் வசதிக்காக மனிதர்களை முடிச்சுப் போடுவது இரண்டாம் வகை. ஸ்பார்ட்டகஸை அடிமையாக்கிய சொந்தப் பகையாளியாகக் கிளேபர் என்ற ரோமானிய அதிகாரியைத் தொடர் காட்டுகிறது. வரலாற்றில் கிளேபர், 3,000 வீரர்களுடன் வெசூவியஸ் மலையில் கிளர்ச்சியாளர்களை முற்றுகையிட அனுப்பப்பட்ட அதிகாரி, அவ்வளவுதான். காட்டுக் கொடிகளைத் திரித்து ஏணி செய்து, செங்குத்தான பாறை வழியாக இறங்கி அவர்கள் அவருடைய முகாமைத் தாக்கிய செய்தி மட்டும் புளூட்டார்க் தருவது. நம்ப முடியாத கற்பனை என்று நேயர்கள் நினைக்கக்கூடிய அந்தக் காட்சியே ஆதாரமுள்ளது; நம்பும்படியாக இருக்கும் சொந்தப் பகைதான் புனைவு! இறுதிப் பருவத்தில் ஜூலியஸ் சீசர் முக்கியப் பாத்திரமாக வருகிறார். அவர் இந்தப் போரில் பங்கெடுத்ததற்கும் சான்று இல்லை.

தெரிந்த செய்தியையே தலைகீழாக்குவது மூன்றாம் வகை. 1960-இல் வெளிவந்த 'ஸ்பார்ட்டகஸ்' திரைப்படத்தின் முடிவில் அவர் சிலுவையில் அறையப்படுகிறார். பிடிபட்ட 6,000 பேர் காப்புவாவிலிருந்து ரோம் வரையிலான சாலை நெடுகிலும் சிலுவையில் அறையப்பட்டது அப்பியன் தரும் செய்தி. ஆனால் ஸ்பார்ட்டகஸ் போரிட்டே மாண்டார், அவருடைய உடல் கிடைக்கவில்லை என்றும் அதே அப்பியன் கூறுகிறார். இந்த இடத்தில் திரைப்படத்தைவிடத் தொலைக்காட்சித் தொடர் ஆதாரத்துக்கு நெருக்கமாக நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டை விரலும் வணக்க வாசகமும்

ஒரு படத்திலிருந்து மற்றொரு படத்துக்கு வழிவழியாகப் பரவிய பிழைகளும் உண்டு. தோற்றவனைக் கொல்லக் கட்டை விரலைக் கீழ்நோக்கிக் காட்டும் காட்சி அவற்றுள் ஒன்று. கட்டை விரலைத் 'திருப்பினார்கள்' என்று பழைய இலக்கியம் கூறுகிறதே ஒழிய, மேலா, கீழா என்று தெளிவுபடுத்தவில்லை. அதைக் கீழ்நோக்கியதாக உலகத்தின் மனத்தில் பதித்தது ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் 1872-இல் தீட்டிய ஓவியம். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த 'கிளேடியேட்டர்' படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டை ஈர்த்ததும் இதே ஓவியம்தான்.

"சாகப்போகிற நாங்கள் உம்மை வணங்குகிறோம்" என்ற வாசகமும் அப்படியே. 2024-இல் வெளிவந்த 'தோஸ் அபௌட் டு டை' தொடரின் தலைப்பே இதிலிருந்து பிறந்தது. பழைய நூல்களில் இது ஒரே ஒரு நிகழ்ச்சியில்தான் பதிவாகியுள்ளது. கி.பி. 52-இல் பேரரசர் கிளாடியஸ், ஓர் ஏரியில் போலிக் கடற்போர் ஒன்றை நடத்தினார். மரண தண்டனைக் கைதிகள் அவரைப் பார்த்து அப்படிக் கூறினர். "சாகாமலும் போகலாம்" என்ற பொருளில் பேரரசர் ஏதோ பதிலுரைக்க, தங்களுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று எண்ணிய கைதிகள் சண்டையிட மறுத்துவிட்டனர்! கிளேடியேட்டர்கள் ஒவ்வொரு மோதலுக்கும் முன் இப்படி முழங்கினார்கள் என்பதற்குச் சான்று கிடையாது.

எல்லாச் சண்டையும் மரணத்தில் முடிந்ததா?

திரையில் இருவர் அரங்கில் இறங்கினால் ஒருவரே உயிருடன் வெளியேறுவார். உண்மையில் ஒரு கிளேடியேட்டரை வளர்த்து, உணவளித்து, பயிற்றுவிக்கப் பல ஆண்டுகளும் பெரும் பணமும் தேவைப்பட்டன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் காயஸ் தம் நூலில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். கிளேடியேட்டர்களை வாடகைக்கு எடுக்கிறார் ஒருவர். காயமின்றித் திரும்புபவனுக்கு 20 தெனாரியஸ் கொடுக்க வேண்டும். இறந்தாலோ ஊனமுற்றாலோ 1,000 தெனாரியஸ் கொடுக்க வேண்டும். ஐம்பது மடங்கு வித்தியாசம்! முன்னது வாடகை, பின்னது விற்பனை என்று சட்டம் பேசுகிறார் அவர். மனித உயிர் ஒரு கணக்குப் புத்தக வரியாக இருந்த காலம் அது.

ஆகவே மோதல்களுக்கு விதிகள் இருந்தன, நடுவர்கள் இருந்தனர். தோற்றவன் விரலை உயர்த்திச் சரணடையலாம். உயிர்ப் பிச்சை தருவதை விழாவை நடத்துபவர் முடிவு செய்வார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஐந்து மோதல்களில் ஒன்று மரணத்தில் முடிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. சிசிலித் தீவில் கிடைத்த ஒரு கல்லறைக் கல்வெட்டு இதற்கு நல்ல சாட்சி. சிரியா நாட்டைச் சேர்ந்த ஃபிளாம்மா என்ற வீரர் 30 வயதில் இறந்தார். 34 முறை மோதியவர். 21 வெற்றி, 9 சமநிலை, 4 முறை தோற்றும் உயிர் பிழைத்தார் என்கிறது அது.

கி.பி. 80-இல் கொலோசியம் திறப்பு விழாவில் பிரிஸ்கஸ், வேரஸ் என்ற இருவர் மோதினர். யாரும் தோற்கவில்லை. இருவருக்குமே விடுதலையின் அடையாளமான மர வாள் வழங்கப்பட்டதைக் கவிஞர் மார்ஷல் பாடிவைத்தார். அதையே கருவாகக் கொண்டு பிபிசி 2003-இல் ஒரு நாடக ஆவணப் படத்தைத் தயாரித்தது. ஆதாரத்தை ஒட்டிச் சென்றாலும் சுவை குன்றாது என்பதற்கு அது எடுத்துக்காட்டு. அந்தக் கொலோசியம் ஸ்பார்ட்டகஸ் இறந்து ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பின்னரே எழுந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எலும்புகள் தரும் சாட்சி

இன்றைய துருக்கியில் உள்ள எபேசஸ் நகரில் 1993-இல் கிளேடியேட்டர்களின் இடுகாடு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகளை வியன்னா ஆய்வாளர்கள் சோதித்தனர். அவர்கள் பெரும்பாலும் பார்லியும் பயறு வகைகளும் உண்டவர்கள் என்பது தெரியவந்தது. 'பார்லி தின்பவர்கள்' என்று அக்காலத்தவர் இவர்களை அழைத்தது கேலிப் பேச்சு மட்டுமன்று. பெர்கமம் நகரில் கி.பி. 157 முதல் கிளேடியேட்டர்களின் மருத்துவராக இருந்த காலன், இந்த உணவு உடலைத் தளர்வாக்குகிறது என்று எழுதினார். திரையில் காணும் செதுக்கிய சிலை போன்ற உடற்கட்டு இன்றைய உடற்பயிற்சி நிலையத்தின் வார்ப்பு.

எபேசஸ் எலும்புகளில் ஆறிப்போன காயங்கள் பல காணப்பட்டன. அவர்களுக்கு நல்ல சிகிச்சை கிடைத்தது என்பதே இதன் பொருள். அது இரக்கத்தால் மட்டும் கிடைத்தது என்று சொல்வதற்கில்லை. விலையுயர்ந்த உடைமையை உடையவர் பேணினார்.

பெண் கிளேடியேட்டர்கள் வெறும் கற்பனை என்று நினைப்பவர்களும் உண்டு. ஹலிகார்னசஸ் நகரில் கிடைத்து, பிரிட்டிஷ் அரும்பொருளகத்தில் உள்ள புடைப்புச் சிற்பத்தில் அமேசான், அகிலியா என்ற இரு பெண்கள் மோதும் காட்சி உள்ளது. 2025-இல் வந்த 'ஹவுஸ் ஆஃப் அஷுர்' தொடர் அகிலியா என்ற பெயரைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் அந்தச் சிற்பம் ஸ்பார்ட்டகஸின் காலத்துக்கு மிகவும் பிற்பட்டது. இங்கே செய்தி சரி, காலம்தான் சரியில்லை.

சரித்திர உண்மை எதற்காக?

"பொழுதுபோக்குக்குப் பார்க்கும் தொடரில் இவ்வளவு ஆராய்ச்சி தேவையா?" என்று கேட்கலாம். தேவை என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒவ்வோர் அங்கத்திலும் பத்துப் பேரை வெட்டிச் சாய்த்துக் காட்டும்போது, அரங்கில் நின்றவர்கள் எண்ணிக்கையாகி விடுகிறார்கள். அன்றைய ரோமானியப் பார்வையாளர் இருந்த இருக்கையில் நாமும் அமர்ந்து ரசிக்கத் தொடங்கிவிடுகிறோம். வரலாறோ அவர்களுக்குப் பெயரும் வயதும் தோல்விக் கணக்கும் ஆறிய காயமும் இருந்ததைக் காட்டுகிறது. தம் கதையைத் தாமே எழுத வாய்ப்பில்லாத அந்த மனிதர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம், அவர்களைப் பற்றி அறிந்ததைச் சரியாகச் சொல்வதே.

இதனால் தொடர்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. ரோமாபுரியின் செல்வச் செழிப்பு அடிமைகளின் முதுகில் எழுந்தது என்ற பெரிய உண்மையைப் பாடப் புத்தகத்தைவிட இத்தொடர்கள் அழுத்தமாக உணர்த்துகின்றன. அவற்றில் வன்முறையும் ஆபாசமும் மிகுதி என்பதால் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல என்பதையும் பெற்றோர் மறக்கலாகாது. பெரியவர்கள் பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பெயர் வரலாற்றில் உண்டா? இந்த நிகழ்ச்சியை எழுதி வைத்தவர் யார்? அவர் யாருடைய பக்கம் நின்று எழுதினார்? இந்த மூன்றுக்கும் விடை தேடினால், பொழுதைப் போக்கிய தொடரே ஒரு நல்ல வரலாற்றுப் பாடமாக மாறிவிடும்.