இணையதளம் செய்யக் கொடுக்கும் முன்

புதுக்கோட்டை என்ற பெயரைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாக வைக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு ஊர்கள். கந்தர்வகோட்டைக்கும் பொன்னமராவதிக்கும் இதே கதிதான். உறுப்பினர் பட்டியலில் பெயர் இருந்தும் தேடினால் ‘இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சேமிக்கும் முன்பே எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது. ஒருங்குறி (யூனிகோடு) தரத்திலேயே உள்ள வழி இது. யாருக்கும் உரிமக் கட்டணம் தர வேண்டியதில்லை.

பொதுத்தரம் இல்லாத காலத்தில் தமிழ் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அது குப்பை. இந்திய மொழிகளுக்கு ஒருங்குறியே தரம் என்று மத்திய அரசு 2009-லும், தமிழுக்கு ஒருங்குறி தரம் என்று தமிழக அரசு 2010-லும் அறிவித்தன.

எழுத்துருவில் தீர்ந்த சிக்கல் இன்று தரவுத்தளத்தில் தலைகாட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வரின் பழைய ஏற்பாட்டில் தமிழுக்கென்று தனி வகைப் புலம் வேண்டும். எழுதும் இடத்திலும் முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட வேண்டும். மறந்தால் ‘அறந்தாங்கி’ பத்துக் கேள்விக்குறிகளாகப் பதியும். அதை மீட்க வழியே கிடையாது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8’ என்று பெயர் வைத்திருந்த அமைப்பு, ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. அன்றாடத் தமிழ் அதற்குள் அடங்கிவிடும். பழந்தமிழ்ப் பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் அடங்காது. 2019-ல் ஒருங்குறியில் சேர்ந்த அவற்றுக்கு நான்கு பைட் தேவை. புதுக்கோட்டை சமஸ்தானக் கல்வெட்டுகள் 1929-லேயே நூலாக வந்தவை. அப்படிப்பட்ட ஆவணங்களை அவற்றின் குறிகளோடு வலையேற்றுபவருக்கு இது சின்ன விஷயமல்ல. தவறான தரவை மறுக்கும் கண்டிப்பு அமைப்பு (ஸ்ட்ரிக்ட் மோட்) அணைக்கப்பட்டிருந்தால், அந்தக் குறி வந்த இடத்தோடு வரி அறுந்துபோகும். பிழைச் செய்தியும் வராது. ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று கேட்டு வாங்குங்கள்.

பள்ளியோ, நூலகமோ, கூட்டுறவுச் சங்கமோ, வெளியாளிடம் மென்பொருள் செய்யக் கொடுத்தால் காசு கொடுத்தவருக்கே அது சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியரல்லாத ஒருவர் எழுதிய நிரலின் உரிமை பொதுவாக அவரிடமே இருக்கும். எழுத்து மூலம் கையொப்பமிட்டு மாற்றித் தந்தால்தான் உங்களுக்கு வரும். தனிநபர் தரவை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை 2019 மசோதாவில் இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஆகவே உங்களுக்கு உள்ள பிடி ஒப்பந்தம் ஒன்றுதான். தரவு எங்களுடையது, கேட்கும்போதெல்லாம் முழுத் தரவையும் யூடிஎஃப்-8 வடிவக் கோப்பாகத் தர வேண்டும், நிரலின் உரிமை எங்களுக்கு மாற்றப்படுகிறது என்று எழுதி வாங்குங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அந்தக் கோப்பை போஸ்ட்கிரெஸ் போன்ற வேறொரு தரவுத்தளத்தில் ஏற்றி, தளத்தையும் அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஒரு தரவுத்தள நிறுவனத்துக்கே உரிய கட்டளைகளில் மொத்த வேலையையும் பின்னியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் ஒப்பந்தம் போடாத அரசு அலுவலகப் பதிவிலும் உங்கள் பெயர் இப்படிச் சிதைந்திருந்தால், கணினியில் உள்ளபடியே மின்னணு வடிவில் நகல் கேட்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 2(ஜே) இடம் தருகிறது. விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.