நான்காம் ஆசிரியரின் சம்பளம்

கலாசாலைகள் அறிவை வளர்ப்பதற்கென்று ஏற்பட்டவை. அறிவோடு நீதியும் அங்கே வளர வேண்டுமென்று ஜனங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. ஒரு மில் முதலாளி தன் தொழிலாளியின் கூலியைக் குறைத்தால் யாரும் வியப்படைவதில்லை. ஆனால் பல கலாசாலைகளும் சர்வகலாசாலைகளும் சேர்ந்த ஒரு சங்கம், தம்மிடம் உழைப்போரில் மிகவும் கீழ்ப்படியில் நிற்பவருக்கு இன்ன தொகைக்கு மேல் யாரும் சம்பளம் கொடுக்கலாகாது என்று விதி செய்தால், அதைக் கண்டு வியப்படையாமல் இருக்க முடியுமா? அமெரிக்காவில் 1991-ம் வருஷத்தில் இத்தகைய விதியொன்று பிறந்தது. அது பல வருஷ காலம் கோர்ட்டுகளில் அலைந்து, கடைசியில் அதை இயற்றிய சங்கத்தின் தலைமேலேயே விழுந்தது. அந்தக் கதை பந்தாட்டத்தைப் பற்றியதுதான். ஆயினும் பந்தாட்டத்தில் பற்றில்லாதவர்களும் கவனிக்கத் தக்க விஷயம் அதில் இருக்கிறது.

கூடைப்பந்து ஆட்டத்தின் பிறப்பை முதலில் சிறிது கூறவேண்டும். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இவ்விளையாட்டைக் கண்டுபிடித்தார். பனிக்காலத்தில் வெளியே செல்ல முடியாத வாலிபர்களுக்கு உள்ளே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது; மேல்மாடத்தின் கைப்பிடியில் இரண்டு பழக்கூடைகளை மாட்டினார்; அவ்வளவுதான் முதலீடு. அவரே 1898-ல் கான்ஸாஸ் சர்வகலாசாலைக்குச் சென்று, அங்கே தேகப்பயிற்சியையும் பிரார்த்தனைக் கூடத்தையும் கவனித்ததோடு, கூடைப்பந்துக் கோஷ்டிக்கும் முதல் பயிற்சியாசிரியரானார். 1907 வரையில் அவர் தலைமையில் அக்கோஷ்டி 55 ஆட்டங்களில் வென்றது. 60 ஆட்டங்களில் தோற்றது. அதற்காக அவரை யாரும் வேலையினின்றும் நீக்கவில்லை. அக்காலத்தில் ஆட்டம் ஆட்டமாகவே இருந்தது.

பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. கலாசாலைக் கூடைப்பந்து ஒரு பெரிய வியாபாரமாக வளர்ந்தது. ஒருவர் செய்த வேலையைச் செய்ய ஒரு கூட்டமே தேவைப்பட்டது. தலைமைப் பயிற்சியாசிரியர் முறைகளை வகுப்பார், பத்திரிகைகளுக்குப் பேட்டியளிப்பார், வெற்றி வந்தால் புகழும் தோல்வி வந்தால் பழியும் அவருடையவை. அவருக்கு அடுத்த உதவியாளர்கள் ஊர் ஊராகச் சென்று, உயர்நிலைப் பள்ளிகளில் ஆடும் பையன்களைப் பார்த்து, அவர்களுடைய பெற்றோரிடம் பேசி, தங்கள் கலாசாலைக்கு வரும்படி இசைவிப்பார்கள். இவர்களுக்கும் கீழே ஒருவர் இருப்பார். எதிர்க் கட்சியார் ஆடிய ஆட்டத்தின் படச்சுருளை இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறிப்பெடுப்பது, தனியாகப் பயிலும் மாணவனுக்குப் பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது, மாணவர்கள் பாடம் படிக்கிறார்களா என்று கவனிப்பது, மற்றவர்கள் செய்யாமல் விட்ட வேலைகளையெல்லாம் செய்வது ஆகியவை அவருக்கு விதிக்கப்பட்ட தொண்டுகள். ஜனங்கள் அவர் பெயரை அறியமாட்டார்கள். பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நான்காம் ஆசிரியரே இக்கதையின் நாயகர்.

அமெரிக்காவின் தேசீய கலாசாலை விளையாட்டுச் சங்கம் 1906-ல் ஏற்பட்டது. கலாசாலைகளுக்குள் நடக்கும் போட்டிகளுக்கு விதிகள் செய்வது அதன் வேலை. 1989-ல் அச்சங்கம் செலவைக் குறைக்கும் வழிகளை ஆராய்வதற்கு ஒரு கமிட்டியை நியமித்தது. பல கலாசாலைகளின் விளையாட்டு இலாகாக்கள் நஷ்டத்தில் நடந்தன என்பது மெய்யே. அவற்றின் கஷ்டத்தை நாம் மறுக்கவில்லை. கமிட்டியார் யோசித்தார்கள், 1991 ஜனவரியில் சங்கத்தின் மகாநாடு அவர்களுடைய யோசனையை ஏற்றுக்கொண்டது. 1992 ஆகஸ்டில் விதி அமுலுக்கு வந்தது.

விதி யாது? முதல் வகுப்பைச் சேர்ந்த கூடைப்பந்துக் கோஷ்டி ஒவ்வொன்றுக்கும் தலைமைப் பயிற்சியாசிரியர் ஒருவர், உதவியாளர் இருவர், அவர்களோடு நான்காவதாக 'வரையறுத்த சம்பாத்தியமுள்ள பயிற்சியாசிரியர்' ஒருவர் இருக்கலாம். அந்த நான்காமவருக்குக் கல்வியாண்டில் 12,000 டாலருக்கு மேலும், கோடை விடுமுறையில் 4,000 டாலருக்கு மேலும் கொடுக்கலாகாது. ஆக வருஷத்துக்கு 16,000 டாலர். இதற்கு முன் பகுதி நேர உதவியாளர் என்ற பெயரில் அவ்விடத்தில் இருந்தவர்களில் சிலர் வருஷத்துக்கு 60,000, 70,000 டாலர் வரை கூடப் பெற்றிருந்தார்கள். உத்தியோகத்தின் பெயரிலேயே சம்பளக் குறைவைப் பொறித்து வைத்த விந்தையை நேயர்கள் கவனிக்கவேண்டும். ஒரு குமாஸ்தாவை 'குறைந்த சம்பளக் குமாஸ்தா' என்று கதவில் எழுதி வைத்து அழைப்பதுண்டா? இங்கே அவ்வாறே அழைத்தார்கள்.

தலைமைப் பயிற்சியாசிரியரின் சம்பளத்துக்கு வரம்பு உண்டா? இல்லை. இரண்டு உதவியாளர்களின் சம்பளத்துக்கு வரம்பு உண்டா? அதுவும் இல்லை. ஆட்டக் கூடங்கள் கட்டும் செலவுக்கு வரம்பு உண்டா? அதையும் காணோம். சிக்கனம் என்ற கத்தி நான்காமவருடைய கழுத்தை மட்டும் தேடிச் சென்றது. அதே 1989-ம் வருஷத்தில், அச்சங்கம் நடத்தும் வருஷாந்தரக் கூடைப்பந்துப் பந்தயத்தை 1991 முதல் ஏழு வருஷங்களுக்கு ஒளிபரப்பும் உரிமைக்காக ஸி. பி. எஸ். கம்பெனி 100 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு கையால் நூறு கோடியை வாங்கிக்கொண்டே, மறு கையால் ஒரு சிற்றாளின் சம்பளத்தைக் கிள்ளினார்கள். இதற்கு இட்ட பெயர் சிக்கனம்!

1992-93-ம் கல்வியாண்டில் இவ்வேலையைப் பார்த்த கூடைப்பந்துப் பயிற்சியாசிரியர் சிலர் கோர்ட்டுக்குச் சென்றனர். வாதிகளில் முதற்பெயர் நார்மன் லா என்பது. இவர்கள் செய்த துணிவு சாதாரணமானதன்று. பயிற்சித் தொழிலில் மேலே ஏற விரும்புகிறவன் பெரியவர்களின் தயவை நம்பி வாழ்பவன்; இன்று இவன் எதிர்த்து வழக்காடும் கலாசாலைகளே நாளை இவனுக்கு வேலை கொடுக்கவேண்டியவை. அப்படியிருந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. அக்காலத்தில் விளையாட்டுச் சங்கத்தின் தலைமைக் காரியாலயமும் கான்ஸாஸ் ராஜ்யத்திலேயே இருந்தது. வழக்கும் கான்ஸாஸ் பெடரல் ஜில்லாக் கோர்ட்டிலேயே நடந்தது. நெய்ஸ்மித் பந்து கற்பித்த மண்ணிலேயே பந்து கற்பிப்பவரின் கூலி விசாரணைக்கு வந்தது.

வாதிகள் ஆதாரமாகக் கொண்டது 1890-ம் வருஷத்து ஷெர்மன் சட்டம். வியாபாரிகள் ஒன்றுகூடிப் போட்டியைக் கட்டுப்படுத்துவதைத் தடுக்க ஏற்பட்ட சட்டம் அது. எண்ணெய்க் கம்பெனிகளும் ரெயில்வே முதலாளிகளும் செய்த சூழ்ச்சிகளை அடக்கப் பிறந்த ஆயுதத்தைக் கலாசாலைகளின்மீது ஏவலாமா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1984-லேயே இதற்குப் பதில் சொல்லியிருந்தது. கால்பந்தாட்டங்களை ஒளிபரப்பும் விஷயத்தில் இதே சங்கம் செய்திருந்த கட்டுப்பாடு அச்சட்டத்துக்கு விரோதமானது என்று அப்பொழுது தீர்ப்பாயிற்று. பட்டமளிக்கும் ஸ்தாபனமாயிருந்தாலும், சந்தையில் இறங்கியபின் சந்தையின் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியதே.

சங்கத்தின் வக்கீல்கள் மூன்று சமாதானங்கள் கூறினர். இந்த இடம் இளைஞர்கள் தொழில் பழகுவதற்கென்று ஒதுக்கியது என்பது முதலாவது. ஆனால் புதியவர்களையே நியமிக்கவேண்டும் என்று விதியில் ஒரு சொல்லும் இல்லை. அநுபவம் மிக்கவர்களே பலர் அவ்விடத்தில் அமர்ந்திருந்தனர். செலவு குறையும் என்பது இரண்டாவது. ஒருவன் கூலியைக் குறைத்தால் கொடுப்பவனுக்குச் செலவு குறையும் என்பதைச் சொல்ல வக்கீல் தேவையில்லை. கூலியைக் கூட்டாகக் குறைக்கும் ஒவ்வொரு கூட்டத்தாரும் இதையே சொல்லலாம். இதை நியாயமென்று ஒப்பினால் சட்டமே வேண்டியதில்லை. அன்றியும் இங்கே மிஞ்சிய பணத்தை வேறு வகையில் செலவிட எந்தத் தடையும் இல்லை. பணமுள்ள கோஷ்டியும் இல்லாத கோஷ்டியும் சமமாகும் என்பது மூன்றாவது. தலைமையாசிரியருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டு, நான்காமவரின் சம்பளத்தை மட்டும் சமமாக்கினால் எந்தச் சமத்துவம் வந்துவிடும்?

1995-ல் ஜட்ஜ் காத்ரின் வ்ராட்டில் இவ்விதி சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தார். 1996-ல் அதை அமுல் நடத்தக்கூடாதென்று நிரந்தரத் தடையுத்தரவு பிறந்தது. சங்கம் அப்பீல் செய்தது. டென்வர் நகரிலுள்ள பத்தாவது வட்டார அப்பீல் கோர்ட் 1998 ஜனவரியில் கீழ்க்கோர்ட்டின் முடிவை உறுதி செய்தது. இதற்குள் மற்ற விளையாட்டுக்களில் இதே நிலையிலிருந்த பயிற்சியாசிரியர்களும் சேர்ந்திருந்தனர். 1998 மே மாதத்தில் ஜூரிகள் 2 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தார்கள். இத்தகைய வழக்கில் சட்டப்படி நஷ்டம் மும்மடங்காகும். ஆகவே தொகை சுமார் 6 கோடியே 70 லட்சமாயிற்று. 1999-ல் இரு கட்சியாரும் 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு ராஜியானார்கள். சிக்கனத்துக்கென்று செய்த விதி இவ்வளவு பெருஞ்செலவில் முடிந்தது.

சிறிய கலாசாலைகள் என்ன செய்யும் என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். பணமில்லாத கலாசாலை தன் சக்திக்கு ஏற்றபடி 16,000 டாலரே கொடுக்கட்டும். அதற்கும் குறைவாகக் கொடுக்கட்டும். அதைச் சட்டம் தடுக்கவில்லை. தன் வீட்டில் சிக்கனம் செய்ய எவருக்கும் உரிமை உண்டு. அதிகம் கொடுக்க மனமும் வசதியும் உள்ள அடுத்த வீட்டுக்காரனையும் கொடுக்கவொட்டாமல் கட்டுப்பாடு செய்வதே குற்றம். உழைப்பவனுக்கு இருக்கும் ஒரே பலம், இங்கே போதாவிட்டால் அங்கே போவேன் என்று சொல்லக்கூடிய சுதந்திரம். எல்லாக் கதவுகளிலும் ஒரே விலையை எழுதி ஒட்டிவிட்டால் அந்தச் சுதந்திரம் எங்கே?

அந்தச் சங்கம் இத்தீர்ப்பினால் முற்றும் திருந்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. பேஸ்பால் ஆட்டத்தில் சம்பளமின்றி உழைக்கும் 'தொண்டர் பயிற்சியாசிரியர்' என்ற பதவி பல வருஷங்கள் நீடித்தது; 2023-லேதான் அது ஒழிந்தது. பயிற்சியாசிரியர்களுக்குக் கிடைத்த நியாயம் ஆடும் மாணவர்களுக்கு எட்ட இன்னும் அதிக காலமாயிற்று. 2021-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமனதாக, கல்வி சம்பந்தமாக மாணவர்களுக்கு அளிக்கும் உதவிகளுக்கு வரம்பு கட்டும் அச்சங்கத்தின் விதிகள் செல்லா என்றனர். கலாசாலைகள் தம் வருமானத்தில் ஆட்டக்காரர்களுக்கு நேராகப் பங்கு கொடுக்க வழி செய்யும் ராஜிக்குக் கோர்ட்டின் சம்மதம் 2025-ல் கிடைத்தது.

கூடைப்பந்துப் பயிற்சிக் கூட்டமும் பெருத்தது. 2023-ல் செய்த மாறுதலின்படி, முன்னிருந்த நால்வரோடு, மைதானத்தில் பயிற்சி கொடுக்க மட்டும் மேலும் இருவரை நியமிக்க இடமேற்பட்டது. அதே வருஷத்தில், நெய்ஸ்மித் ஒருகாலத்தில் வகித்த பதவியில் இருந்த பில் ஸெல்ப் என்பவரோடு கான்ஸாஸ் சர்வகலாசாலை ஐந்து வருஷத்துக்கு 5 கோடியே 30 லட்சம் டாலர் பெறுமானமுள்ள ஒப்பந்தம் செய்துகொண்டது. நான்காம் ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கானோர் பல வருஷம் காத்திருந்து பங்கிட்டுக்கொண்ட தொகைக்கு ஏறக்குறைய இது சமம். ஒருவர் திறமைக்கு அதிக ஊதியம் பெறுவதில் நமக்குப் பொறாமையில்லை. தலையிலிருப்பவருக்குக் கொடுக்கும்போது திறக்கும் பை, காலடியிலிருப்பவருக்குக் கொடுக்கும்போது ஏன் சுருங்குகிறது என்பதே நமது கேள்வி.

பெரிய ஸ்தாபனங்கள் செலவைக் குறைக்க எண்ணும்போது, முதலில் குறைபடுவது சபையில் வாக்கில்லாதவனுடைய பங்கு. 1991-ம் வருஷத்து மகாநாட்டில் சர்வகலாசாலைகளுக்கு வாக்கு இருந்தது. நான்காம் ஆசிரியருக்கு வாக்கு இல்லை. பொதுக் காரியங்களில் ஈடுபட்டுச் சங்கங்களையும் சபைகளையும் நடத்துவோர் இதைத் தங்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ளவேண்டும். நல்ல நோக்கமுடைய சபையும் இத்தவற்றைச் செய்யக்கூடும்; நல்ல நோக்கம் இருப்பதாலேயே அது தன் தவற்றைக் காணாமலும் இருந்துவிடக்கூடும். சிக்கனம் செய்ய வேண்டுமானால் அதைத் தலைமையிலிருந்து தொடங்குக. குறைக்கப்படுவோனை அழைத்து அவன் சொல்லையும் கேட்க. இவ்விரண்டையும் அச்சங்கத்தார் செய்திருந்தால், பல வருஷ வழக்கும் நேர்ந்திராது. கோடிக்கணக்கான டாலரும் போயிராது.