பார்க் இடத்தில் ஒரு சாமி

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் மனைப்பிரிவுகள்தான். நெல் விளைந்த நிலமெல்லாம் ஏதோ ஒரு 'நகர்' ஆகிவிட்டது. பெரிய லே-அவுட் போடுகிறவர்கள் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் போட்டு உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும் என்பது விதி. மக்கள் வாயில் அது 'பார்க் இடம்'. புறநகர் முழுக்கப் பார்க் இடங்கள் உண்டு. பார்க்தான் அபூர்வம்.

காலியாகக் கிடக்கும் இடத்தில் முதலில் வேப்பமரத்தடியில் ஒரு கல் வரும். அதற்கு மஞ்சள் துணி. ஆடி மாதம் தகரக் கொட்டகை. அடுத்த வருஷம் டைல்ஸ் ஒட்டிய மேடை, ஒரு உண்டியல், நன்கொடை ரசீது. எதிர்த் தெரு மாடிவீட்டில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். சில மாதத்தில் அங்கே ஸ்பீக்கர் கட்டுவார்கள், பிறகு பெயர்ப்பலகை மாட்டுவார்கள். அடுத்த தெருவில் தொழுகைக்கு ஒரு ஷெட். "அவங்க கட்டலாம், நாங்க கட்டக் கூடாதா?" என்ற கேள்வி எங்கே எழுகிறதோ, அங்கேதான் தகராறு தொடங்குகிறது. வேப்பம்பட்டில் மதக் கலவரம் நடந்ததாகச் சொல்ல வரவில்லை. இப்படி வளரும் ஊர்களில் அதற்கான விறகு எப்படி அடுக்கப்படுகிறது என்பதுதான் விஷயம்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் கோயில், சர்ச், மசூதி, குருத்வாரா என எந்தப் பெயரிலும் அனுமதியின்றிப் புதிதாகக் கட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29.9.2009 அன்றே உத்தரவிட்டிருக்கிறது. சொந்த நிலமாக இருந்தாலும், பொது வழிபாட்டுக்கென்று கட்டினால் ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. இதற்குப் பிறகும் கட்டடம் எழும்புகிறது என்றால், பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. சிலர் சாமிக்குப் பயந்து விட்டுவிடுவார்கள், சிலர் ஓட்டுக்குப் பயந்து. மீதிப் பேர் 'கவனிக்கப்பட்டவர்கள்'.

இந்தக் கவனிப்பின் விலை பின்னால்தான் தெரியும். செங்கல் நிலையில் அகற்றினால் அது ஆக்கிரமிப்பு அகற்றம். பத்து வருஷம் கழித்து, கும்பாபிஷேகமோ பிரதிஷ்டையோ முடிந்த பிறகு நோட்டீஸ் ஒட்டினால், 'எங்கள் சாமியை இடிக்கிறார்கள்' என்றுதான் ஊர் பேசும்.

அப்போது சமாதானக் கூட்டம் போட வேண்டியவர் யார்? தாசில்தார் அல்லது கோட்டாட்சியர். தடை உத்தரவு போடும் அதிகாரமும் (பழைய 144-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 163-வது பிரிவு) பெரும்பாலும் வருவாய்த் துறையின் நிர்வாக நடுவர்கள் கையில்தான். பட்டா மாற்றத்துக்கும் சப்-டிவிஷனுக்கும் ஜனங்கள் ஏறி இறங்குவதும் அதே அலுவலகத்துக்குத்தான். டேபிளுக்கு டேபிள் பணம் வைத்தால்தான் ஃபைல் நகரும் என்று நம்பும் ஊர், அதே அலுவலகம் இரு தரப்பையும் உட்காரவைத்து நியாயம் சொன்னால், எதிர்த்தரப்பு எவ்வளவு கொடுத்தது என்றுதான் முதலில் கணக்குப் போடும். லஞ்சம் பறிக்கும் தொகையைவிட இந்தச் சந்தேகம்தான் பெரிய நஷ்டம் என்பேன்.

ஒரு ஆவணம் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு, கோயிலும் தர்காவும் உள்ள திருப்பரங்குன்றம் மலை சாட்சி. மலை யாருடையது என்று 1920-ல் தொடுத்த வழக்கில் 1923-ல் மதுரை சார்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை 1931-ல் லண்டன் பிரிவி கவுன்சில் நிலைநிறுத்தியது. நெல்லித்தோப்பு, தர்காவுக்குச் செல்லும் படிகள், தர்கா இருக்கும் உச்சி ஆகியவை முஸ்லிம்களுக்கு; மற்றவை கோயிலுக்கு. 2025-ல் தடை உத்தரவு, தீபத்தூணில் விளக்கேற்றும் வழக்கு என்று மலை மறுபடி கொதித்தபோதும் இரு தரப்பு வக்கீல்களும் புரட்டியது அந்தப் பழைய தீர்ப்பைத்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய காகிதம் இன்றும் பேசுகிறது. காசு வாங்கிக்கொண்டு இன்று எழுதும் ஒரு தவறான பதிவும் அதே போல் நம் பேரன் காலத்தில் பேசும்.

சரி, பணம் கேட்டால் என்ன செய்வது? லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுத்தால், நோட்டுகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அவற்றில் பினாப்தலின் பொடியைத் தடவித் தருவார்கள். பொடி கண்ணுக்குத் தெரியாது. வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கியதும், தண்ணீர் போலிருந்த கரைசல் ரோஸ் நிறமாகும். வேறு அலுவலக ஊழியர்கள் இருவர் சாட்சியாக நிற்பார்கள். நிறம் மட்டும் போதாது. கேட்டதும், வாங்கியதும் நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் இறந்தாலும் பிறழ்சாட்சி ஆனாலும் மற்ற சாட்சியங்களை வைத்து அதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. குற்றம் உறுதியானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

2018 திருத்தத்துக்குப் பிறகு, கொடுப்பவரும் குற்றவாளி. முன்கூட்டியே புகார் சொல்லிவிட்டுக் கொடுத்தவருக்கு அதில் விலக்கு உண்டு. கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டவர் ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். அந்த ஏழு நாள், பணம் கைமாறிய தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது.