ஓய்வு கொடுத்தேன், தோள் இறுகிப் போச்சு!

எனக்கு வயது, 49. இரண்டு வருடங்களுக்கு முன், வலது தோள்பட்டையில் லேசாக வலி ஆரம்பித்தது. 'வாயுப் பிடிப்பு தான்... பூண்டு சாப்பிடுங்க அண்ணி, சரியாயிடும்' என்றாள், நாத்தனார். நானும் தைலம் தேய்த்து, கையை அசைக்காமல், ஓய்வு கொடுத்தேன்.

விளைவு... நாலே மாதத்தில், தலை பின்ன கையைத் தூக்க முடியவில்லை. முதுகுப் பக்கம் கொண்டு போக முடியவில்லை. மேல்தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுக்கக்கூட, மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

எலும்பு டாக்டர், கையைத் தூக்கிப் பார்த்ததும், 'சுகர் டெஸ்ட் எடுத்திருக்கீங்களாம்மா?' என்றார். தோள் வலிக்கும், சுகருக்கும் என்ன சம்பந்தம் என நினைத்தேன். எடுத்துப் பார்த்தால், சர்க்கரை இருந்தது! 'ப்ரோசன் ஷோல்டர்' என்ற இந்த தோள் இறுக்கம், 40 முதல் 60 வயதுக்குள் தான் அதிகம் வருமாம். அதிலும், பெண்களுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் கூடுதலாம்.

பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த பெண், 'நம்ம வீட்டு சாமான்லயே எல்லா மூட்டும் இருக்கும்மா...' என, அழகாக விளக்கினாள்.

முழங்கையும், விரல் கணுக்களும் கதவுக் கீல் மாதிரி, ஒரே திசையில் மடங்கி, நிமிரும். முழங்காலும் ஏறக்குறைய அதே ரகம். திருகையின் மேல்கல், நடு முளையில் சுற்றுவது போல, கழுத்தின் முதல் எலும்பு, இரண்டாவது எலும்பின் முளையைச் சுற்றித் திரும்புகிறது. அதனால் தான், 'மாட்டேன்' என தலையாட்ட முடிகிறது. கட்டை விரலின் அடியில் உள்ளது, குதிரைச் சேணம் போன்ற மூட்டு. அது இல்லையென்றால், பூ கட்டவே வராது. மண்டை ஓட்டு எலும்புகள் சேருமிடம், அசையா மூட்டு. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி மெத்தென இருப்பது, அவை இன்னும் சேராததால் தான்.

இடுப்பும், தோளும் ஆட்டுக்கல் குழியும், குழவியும் மாதிரி. இடுப்பில் குழி ஆழம். அதனால், உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. தோளில் ஆழமில்லை, அதனால், எல்லாப் பக்கமும் சுழலுகிறது.

அடுத்து அவள் சொன்னது தான், எனக்கு உறைத்தது. எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு, ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் ஊறும் வழவழப்பான திரவமே, அதற்கு எண்ணெயும், சாப்பாடும். நாம் அசைத்தால் தான், அது உள்ளே இறங்கும். என் தோளைச் சுற்றியுள்ள உறை, ஏற்கனவே தடித்து, இறுகிக் கொண்டிருக்க, நானோ, 'ஓய்வு' என்ற பெயரில், இன்னும் இறுக விட்டிருக்கிறேன்!

மாத்திரையோடு, தினமும் சுவரில் விரல்களால் நண்டு மாதிரி ஏறுவது, குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது என, வலி பொறுக்கிற அளவுக்குச் செய்தேன். பத்து மாதம் பிடித்தது. இப்போது, நானே தலை பின்னி, பூ வைத்துக் கொள்கிறேன்.

தோழிகளே... அடிபட்டு வீங்கினால், டாக்டரைக் கேட்காமல் ஆட்டாதீர்கள். ஆனால், வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாமல் போனால், 'வாயு' என்று உட்கார்ந்து விடாமல், டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே, சுகரையும் பார்த்து விடுங்கள். தோள் வலி காட்டிக் கொடுத்திராவிட்டால், எனக்கு சர்க்கரை இருப்பது இன்று வரை தெரிந்திருக்காது!

— ஒரு வாசகி, விருதுநகர்.