கிணற்று ஜலமும் மாங்கனீஸும்

மாங்கனீஸ் என்னும் உலோகம் பயிருக்கும் பிராணிகளுக்கும் இன்றியமையாத சத்துக்களில் ஒன்றாகும். இது குறைந்தால் பயிரின் இலைகள் நரம்புகளுக்கிடையே வெளுக்கின்றன. தீனியில் இது குறைந்த கோழிக்குஞ்சுகள் கால் மூட்டில் தசைநாண் நழுவி நொண்டியாகின்றன என்பது 1936ம் வருஷத்தில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. வயது வந்த மனிதனுக்குத் தினம் சுமார் 2 மில்லிகிராம் போதும். அரிசி, கேழ்வரகு, பருப்பு, தேயிலை முதலியவற்றிலிருந்தே இவ்வளவும் கிடைத்துவிடுமாதலால், மனிதருக்கு இக்குறை நேர்வது வெகு அபூர்வம். மிகுதியே அஞ்சத்தக்கது.

ஜப்பான் தேசத்தில் ஒரு கிணற்றின் ஜலத்தை அருந்திவந்த 25 பேரில் 16 பேர் நோயுற்ற வரலாறு 1941ம் வருஷத்தில் வெளியாயிற்று. சோம்பல், தசை விறைப்பு, நடுக்கம், சித்தத் தடுமாற்றம் ஆகியவை கண்டன, மரணமும் நேர்ந்தது. முதியவர்களே அதிகம் வருந்தினர். சோதித்ததில் ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் மாங்கனீஸ் இருந்தது. கிணற்றுக்கு ஆறேழு அடி தூரத்தில் சுமார் 400 பாட்டரிக் கட்டைகள் புதைக்கப்பட்டிருந்தமையே இதற்குக் காரணம். அக்கட்டைகளுள் இருக்கும் கரிய பொடி பெரும்பாலும் மாங்கனீஸ் ஆக்ஸைடாகும்.

ஆகாரத்தில் வரும் மாங்கனீஸில் சொற்ப பாகமே இரத்தத்தில் சேரும். அதிலும் மிஞ்சியதை ஈரல் பித்தநீர் வழியாக வெளியேற்றிவிடும். இவ்வேற்பாட்டிற்கு மேற்பட்டுச் சேருவது மூளையின் அடிப்பாகத்தில், அங்க அசைவை ஆளும் கேந்திரங்களில் படிகிறது. முதலில் தூக்கமும், காரணமற்ற கோபமும், சிரிப்பும் அழுகையும் தோன்றும். பின்னர் முகம் பாவமற்றுப் போகும், குரல் தாழும், நோயாளி சேவலைப்போல் முன்காலூன்றி நடப்பான், பின்னோக்கி அடிவைத்தால் விழுவான். நடுக்குவாதத்தை ஒத்திருப்பினும், அந்நோய்க்குரிய மருந்து இதற்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. தூளாகச் சுவாசித்தால் கெடுதி அதிகம். ஏனெனில் அது ஈரலின் காவலைக் கடவாமலே மூளைக்குச் சென்றுவிடும். ஸ்காட்லாந்தில் மாங்கனீஸ் தாதுவை அரைத்த தொழிலாளர்கள் கால் தளர்ந்துபோனது 1837லேயே எழுதப்பட்டுள்ளது.

கைக்குழந்தைகளுக்குப் பித்தநீர் வழியாகக் கழிக்கும் சக்தி முதிர்ந்திராது. உட்கொண்டதில் பெரும் பங்கு உடலில் தங்கும். ஆகையால் இத்தகைய ஜலத்தில் பால்மாவு கரைத்துப் புகட்டலாகாது. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தவர்களும், ஈரல் நோயாளிகளும் அதே நிலையினரே. வங்காள தேசத்தில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்ததில், மாங்கனீஸ் மிகுந்த கிணற்று ஜலம் அருந்தியோர் அறிவுத் தேர்வில் பின்தங்கியிருந்தமை 2006ல் வெளியாயிற்று.

நன்செய்யில் நீர் தேங்கிக் காற்றோட்டம் அற்றபோது மண்ணிலுள்ள மாங்கனீஸ் கரைவதுபோலவே, ஆழ்கிணறுகளிலும் கரைகிறது. இறைத்தபோது தெளிவாயிருந்த ஜலம் சற்றுநேரத்தில் கருமை கலந்த பழுப்பாக மாறுவதும், வெள்ளைத் துணியிலும் குடத்திலும் கறை படிவதும் இதன் அறிகுறிகள். ஆயினும் கறையில்லையென்று கிணற்றை நம்பிவிடுதல் தவறு. இரசாயனச் சோதனையே நிச்சயம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு ஜலம் கிடையாவிடில் 0.3 வரை அனுமதியுண்டு. காய்ச்சுவதால் மாங்கனீஸ் அகலாது. ஜலம் வற்ற வற்ற அதன் செறிவு ஏறவே செய்யும். குளோரினிட்டு மணல் வடிகட்டியில் செலுத்தினால் பெரும்பாகம் நீங்கும்.

இலைப்புள்ளி நோய்க்குத் தெளிக்கும் மாங்கோஸெப் பொடியில் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாங்கனீஸ் உண்டு. கரைக்குமிடத்தில் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று முதுகுப்புறமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவுவதும், பழைய பாட்டரிக் கட்டைகளைக் கிணற்றோரக் குப்பைக்குழியில் எறிவதும் இன்றும் காணப்படும் வழக்கங்கள். கிராம அதிகாரிகள் இவற்றைத் தடுப்பதோடு, பொதுக் கிணற்று ஜலத்தைச் சோதனைக்கு அனுப்பும்போது மாங்கனீஸ் அளவையும் பார்க்கும்படி விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும்.